கடலுக்கு இஸ்திரி போட்ட கதை

செய்தி வந்தபோது எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், கம்பெனி வண்டியில் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் ஆரோக்கியராஜ் பெயரைப் பார்த்ததும் அவருடைய வழக்கமான காலை ஜோக் என்று நினைத்துத் திறந்தேன். மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் போனிலிருந்து தம்பி எழுதியிருந்தார். விவேக் நகரில் அடக்கத்தன்று எல்லோரும் அழுதோம், போதும். அழுமூஞ்சிகளை அவருக்குப் பிடிக்காது. அவரை அறிந்த உங்களுக்குச் சிரிக்க ஒன்று சொல்கிறேன்.

எங்கள் வேலை ஓவியங்களைச் சுவரளவுக்கு அச்சிடுவது. கணினியில் படத்தைத் தயார் செய்பவன் நான். பிரிண்டரை ஓட்டுபவர் அவர். ஒவ்வொரு ஓவியத்தைப் பற்றியும் படித்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். நான் படிக்க மாட்டேன். நேரம் எங்கே?

அப்போது நான் சேர்ந்து இரண்டு மாதம்தான், வேலை நிரந்தரமாகவில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்காக, பழைய பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஒருவரின் கடற்கரை ஓவியம் வந்தது. வெள்ளைப் பாறை, நீல நிழல், அலை. கிட்டே போனால் கடலே இல்லை, பச்சையும் ரோஜாவுமாகத் தீற்றல்கள்தான். எல்லாம் ஸ்கேனில் விழுந்த குப்பை, எங்கள் பாஷையில் 'நாய்ஸ்', என்று முடிவுகட்டி, மென்பொருளால் மழமழவென்று நிரவினேன். நிழலையும் சாம்பல் நிறமாக்கினேன். அச்சு பாதி வெளிவந்தபோது ஆரோக்கியராஜ் மெஷினை நிறுத்தினார். பெங்களூர்க்காரர், எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் குரு, கடலுக்கு இஸ்திரி போட்டுட்டியா?"

"நாய்ஸ் எடுத்தேன். நிழல் எங்கயாவது நீலமா இருக்குமா?"

"நாய்ஸா? அந்த மனுசன் கடக்காத்துல நின்னு போட்டது குரு அது!"

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வீணான கேன்வாஸைப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"பிரிண்டர் ஹெட் அடைச்சுக்கிச்சு சார். நாளைக்குக் காலைல ரெடி," என்றார் ஆரோக்கியராஜ், என்னைப் பார்க்காமலே. திட்டு முழுவதையும் அவரே வாங்கினார்.

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. நிழலைப் பற்றியே வாதாடினேன். "உன் கலர் மீட்டரை எடுத்துக்கிட்டு வா," என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். வெள்ளைச் சுவரில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அளந்தேன். நீலம். மூன்று முறை அளந்தும் நீலம். வெயில் விழாத இடத்தில் வானத்தின் வெளிச்சம் விழுகிறது, பள்ளிக்கூட இயற்பியல்!

ட்யூபில் அடைத்த வண்ணம் கிடைத்ததும், அதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிய ஓவியர் கூட்டமாம் இந்த இம்ப்ரெஷனிஸ்ட்டுகள், ஆரோக்கியராஜ் சொன்னார். வெளிச்சம் மாறுவதற்குள் பிடிக்க வேண்டுமே என்று போட்ட தீற்றல்கள். அவசரக்காரர்கள்! எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"இவ்வளவு பேசுறீங்களே, கடல் பாத்திருக்கீங்களா?"

"இல்ல குரு. அல்சூர் ஏரி பாத்திருக்கேன்."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறியது. மறுநாள் அச்சு சரியாக வந்தது. என் வேலையும் தப்பியது.

மேனேஜர் சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். அன்று ஹெட் அடைக்கவில்லை. தப்பு என்னுடையது.

வீணான கேன்வாஸில் ஒரு துண்டை ஆரோக்கியராஜ் வெட்டி, 'இஸ்திரி போட்ட கடல்' என்று எழுதி என் மானிட்டரில் ஒட்டினார். அது என்னிடம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைச் சுவரில் எங்கள் நிழல்கள் வரிசையாக விழுந்திருந்தன. மீட்டர் எடுத்துப் போகவில்லை. நீலம்தான் குரு.