கோர்ம் சுட்ட முதல் கேக்

கோர்ம் தியூகெசனின் அலுவலகத்தில் உருப்படியான சட்டம் ஒன்றுதான் இருந்தது: வெப்சைட்டை விழவைத்தவர் மறுநாள் கேக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது, சொந்தக் கையால் சுட்டதாக இருக்க வேண்டும். முதலாளி போடில்கூட இரண்டு முறை சுட்டிருக்கிறார். கோர்ம் மட்டும் பதினோரு வருடமாக விழவைத்ததும் இல்லை, சுட்டதும் இல்லை. மற்றவர்கள் கொண்டுவருவதை மட்டும் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வறண்டுபோச்சு, இல்ல?" என்பார். அவர் வீட்டில் ஓவனே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். ஓவன் இருந்தது, அதற்குள் வாணலிகளை அடுக்கிவைத்திருந்தார்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து மாலைப் பள்ளிகளுக்கான வெப்சைட் அது. மண்பாண்டம் செய்வது, சேர்ந்திசை, பழைய நாற்காலிக்கு மெத்தை தைப்பது என்று குளிர்கால வகுப்புகளுக்கெல்லாம் ஆகஸ்டில் பதிவு திறக்கும். அந்த வருடம் அதற்கு முன்பே வெப்சைட் நத்தையாக ஊர்ந்தது. குற்றவாளி யாரென்பதில் கோர்முக்குச் சந்தேகமே இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சில்யாதான் தேடல் பக்கத்தைப் புதிதாக எழுதியிருந்தாள்.

"உன் பக்கந்தான் இழுக்குது," என்றார்.

"அளந்து பாத்தியா?"

"அளக்க வேற செய்யணுமா? பாத்தாலே தெரியுது."

"அப்ப அளந்து காட்டு. என்னோடதுதான்னா ரெண்டடுக்குக் கேக்கா சுட்டுக் கொண்டாறேன்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோர்ம் வெப்சைட்டின் நிரலுக்குள் இறங்கி, ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரம் பார்த்து, "இன்ன வேலை, இவ்வளவு நேரம்" என்று அறிவிக்கும்படி செய்தார். ரயில் நிலைய ஒலிபெருக்கி போலத்தான். யார் கேட்கிறார்கள் என்று அறிவிப்பவருக்குக் கவலையில்லை. கேட்பதற்கென்று தனியாக ஒரு சின்ன நிரல் எழுதி, அதற்குச் செவி என்று பெயரும் வைத்தார். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, செவி கேட்டதெல்லாம் திரையில் அழகாக ஓடியது.

ஆனால் சில்யாவை மடக்க அது போதாது, எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் வரைபடம் வேண்டும். அதனால் கடைசி நேரத்தில் ஒரே ஒரு வரியை மாற்றி, கேட்டதையெல்லாம் டேட்டாபேஸில் எழுதிவைக்கும்படி செவிக்கு உத்தரவிட்டார். ஒரு வரிக்கு என்ன சோதனை வேண்டியிருக்கிறது என்று அப்படியே வெப்சைட்டில் ஏற்றியும் விட்டார்.

பதிவு திறந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மண்பாண்ட வகுப்பைத் தொட்டார். அறிவிப்பு வந்தது, செவி அதை டேட்டாபேஸில் எழுதியது. டேட்டாபேஸில் எழுதினாலும் ஓர் அறிவிப்பு உண்டே! அதுவும் வந்தது. செவி அதையும் எழுதியது. எழுதியதற்கு இன்னோர் அறிவிப்பு, அதற்கு இன்னோர் எழுத்து. இரண்டாவது ஆள் வருவதற்குள் சர்வர் மல்லாந்துவிட்டது.

"கடைசியா மாத்தினது யாரு?" என்று கேட்டார் போடில்.

"நான்," என்றார் கோர்ம். அவர் சொல்லிப் பழக்கமில்லாத சொல் அது.

அந்த வரியை எடுத்ததும் வெப்சைட் எழுந்துகொண்டது. கோர்ம் வீட்டுக்குப் போய் வாணலிகளை வெளியே எடுத்தார்.

மறுநாள் அவர் கொண்டுவந்த கேக் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் களி. கதவைத் திறந்தால், பிறந்தநாளுக்கு வைக்கும் குட்டிக் கொடிகள் மேஜை முழுக்க நின்றன. எல்லோரும் எழுந்து நின்று பிறந்தநாள் பாட்டை முழுசாகப் பாடினார்கள்.

"என்ன, கிண்டலா?"

"பாதி கிண்டல்தான்," என்றார் போடில். "மீதி நெசமாவே சந்தோஷம். தப்பே பண்ணாத ஆளுகிட்ட எங்க தப்ப எப்படிச் சொல்றது, கோர்ம்? உன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கக்கூட இங்க எல்லாருக்கும் பயம்."

கோர்முக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் மரியாதை என்று அவர் நினைத்திருந்தது பயம்தானாம். வெட்கமாக இருந்தது. அதற்குள் சில்யா கரிப் பக்கத்தில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "கொஞ்சம் வறண்டுபோச்சு, இல்ல?" என்றாள்.

அடுத்த வாரம், தன் எழுத்தைத் தானே கேட்காதபடி செவிக்குக் கடிவாளம் போட்டு, ஒழுங்காகச் சோதித்து, மறுபடி ஓடவிட்டார். தேடல் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இழுத்தது வகுப்புப் பட்டியல். நூற்றுக்கணக்கான வகுப்புகளுக்கும் ஆசிரியர் பெயரை மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொன்றாக டேட்டாபேஸிடம் போய்க் கேட்டுவந்துகொண்டிருந்தது. வகுப்புகள் பெருகப் பெருக அதன் நடையும் தளர்ந்திருக்கிறது. எழுதியவர் பெயரைப் பார்த்தார். கோர்ம் தியூகெசன், வேலைக்குச் சேர்ந்த வருடம்.

அறையில் யாரும் அவர் திரையைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. விரல் அதற்குத்தான் போனது. பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"சில்யா, உன் பக்கத்துல ஒண்ணுமில்ல. இழுத்தது என்னோடது. பதினோரு வருஷமா."

போடில் பதறிப்போய், "வெப்சைட் விழலையே, ஊர்ந்துச்சு, அவ்வளவுதான! சட்டப்படி கேக் தேவையில்ல!" என்றார். போன வாரத்து ருசி அவர் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை.

"இல்ல, சுடறேன்," என்றார் கோர்ம். "ஆனா ஓவன எவ்வளவு சூட்டுல வைக்கணும்னு எனக்குத் தெரியல. யாராவது சொல்லிக் குடுங்களேன்."

மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். மூன்றும் வேறு வேறு.