கிரிவலத்தில் எதிரே வந்தவர்

தொண்ணூறுகளில் ஒரு பௌர்ணமி சாயங்காலம், வழியிலிருக்கும் லிங்கங்களை எண்ணிக்கொண்டே மலையைச் சுற்றினேன். நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது. காரணம், அத்தனை கூட்டத்துக்கும் எதிர்த்திசையில் வந்த ஒரு மனிதர்.

குள்ளம், கனத்த உடம்பு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்து, “நீங்க இல்ல, போங்க” என்று அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார்.

“மலையை இப்படி எதிர்ல சுத்தறது பாவங்க” என்றேன் பதற்றத்துடன்.

“கூடவே போனா முதுகுதான சார் தெரியுது? என் மச்சான் என் கையெழுத்தைப் போட்டு, தவணையில கலர் டி.வி. வாங்கி வித்துட்டான். இன்னிக்குக் கடை மூடறதுக்குள்ள ஆளைக் கொண்டாரலன்னா கடன் பூரா என் தலைலனு கடைக்காரர் சொல்லிட்டாரு. அவன் பௌர்ணமி தவறாம சுத்தறவன்.”

சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்து ஒருவனுடைய சட்டையைப் பிடித்தார். நெற்றி நிறைய விபூதியோடு மச்சான் ஓடப் பார்த்தான், கூட்டம் வழிவிடவில்லை.

“வாடா கடைக்கு!”

“வேண்டுதல் மாமா. பாதியில விட்டா சாமி குத்தமாயிடும்.”

“என்னடா வேண்டுதல்?”

“உங்க கடன் அடையணும்னுதான்.”

அடி விழும் என்று நான் ஒதுங்கினேன். அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டையை விடாமலே மச்சானைச் சரியான திசையில் திருப்பினார்.

“சீக்கிரம் நட. கடை மூடிடப் போறாங்க.”

இருவர் பின்னாலும் நானும் நடந்தேன். எனக்கு அந்த மனிதரை இன்றுவரை புரியவில்லை. அடுத்த லிங்கத்தில் மச்சான் ஏற்றிய கற்பூரத்துக்கும் அவரேதான் காசு கொடுத்தார்.