சகலை வீட்டுச் சாப்பாட்டு மேசை

அவசரத்துக்கு விற்கிறவர்களை மோப்பம் பிடித்து வீட்டை மலிவாக வாங்குவதுதான் இவர் தொழில். மனைவியின் அக்கா புருஷனான சகலைக்கும் அதே தொழில். எந்தக் கதவைத் தட்டினாலும் சகலை முந்தியிருப்பார். அந்த வயிற்றெரிச்சலில், இன்னும் வாடகை வீட்டிலேயே இருக்கும் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டை விற்கப்போகிறவர்கள் முதலில் மேசை நாற்காலியைத்தான் விற்பார்கள் என்று தாமதமாகத் தெரிந்துகொண்டு, பழைய சாமான் கடைக்கு ஓடினார். அங்கே சகலை வீட்டுச் சாப்பாட்டு மேசை கிடந்தது! போன வருஷம் இவரே சுடுபாத்திரம் வைத்துக் கருக்கிய வட்டம் அப்படியே இருந்தது. ஆள் நொடித்துவிட்டான்! இவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியையும் இழுத்துக்கொண்டு, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு சகலை வீட்டில் போய் நின்றார்.

"கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே? இந்த வீட்ட நானே எடுத்துக்கறேன்."

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன கஷ்டம்? புதுசா வாங்கின வீட்டு ஹாலுக்கு அந்த மேசை பத்தாது, அதான் தள்ளிவிட்டேன். இந்த வீட்ட விக்கல, வாடகைக்குத்தான் விடறேன்."

இவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"வாடகை எவ்வளவு மாமா?"