நிழலில்லாத இளவரசனுக்கு நான் செய்துவைத்த கல்யாணம்

முதலில் அந்தக் கதையைப் பற்றிய என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். குப்பை. ஆனால் ஒரு வரி விடாமல் நான் படித்த குப்பை.

எழுபதுகளில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் வருடக்கணக்காக ஓடிய மாயாஜாலத் தொடர் அது. சிறுவர் என்று அட்டையில் போட்டிருந்தாலும், படித்தவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பியவர்களும் தாவணி போட்டவர்களும்தான். கதை இது: ஏரிக்கு அடியில் ஒரு நாடு. அந்த நாட்டு இளவரசனுக்கு நிழல் கிடையாது. பிறந்த அன்றே ஒரு மந்திரவாதி அதைத் திருடிக்கொண்டு போய்விட்டான். நிழல் இல்லாதவன் அரியணை ஏறக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். ஏரிக்கு அடியில் வெயில் ஏது, நிழல் ஏது என்று யாரும் கேட்கக்கூடாது, நான் கேட்டேன். கரையில் இருக்கிற ஓடக்காரன் மகள் அந்த நிழலைத் தேடிப் புறப்படுகிறாள். இளவரசனும் கூடப் போகிறான். கூடப் போவதைத் தவிர அவன் வேறு எதுவும் செய்வதில்லை.

ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் அவன் எதையோ கண்டு "ஆ!" என்று அலறுவான். ஏழு நாள் காத்திருந்து வாங்கிப் பார்த்தால், அவன் கண்டது ஒரு முயலாக இருக்கும். மந்திரவாதி மூன்று முறை செத்தான். மூன்றாவது முறை செத்தபோது அவனுக்கே அலுப்பாகத்தான் இருந்திருக்கும். முதல் பாகத்தில் பறக்கும் வெள்ளைக் குதிரை ஒன்று வந்தது. அதைப் பழக்குவதற்கு நாலு அத்தியாயம். பிறகு ஒரு மலை உச்சியில் அதை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஆசிரியர் மறந்துவிட்டார். அதற்கு யார் புல் போடுகிறார்கள் என்று நான் வெகுநாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

நான் அப்போது மதுரையில் விடுதியில் தங்கி இங்கிலீஷ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைப் புத்தகக் கடை இருந்தது. கடைக்காரர் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். உள்ளே இருக்கும் மனைவியிடம் அவர்கள் மொழியில் எதையோ அதட்டிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் தமிழில் கொஞ்சுவார். பழைய பேப்பர் கடையில் வாரப் பத்திரிகைகளைத் தேடி வாங்கி, ஊக்கைப் பிரித்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, கோணி ஊசியால் தைத்து, முதுகில் காலிக்கோ துணி ஒட்டி, பாகம் பாகமாக வாடகைக்கு விடுவார். பக்கத்தின் மறுபுறத்தில் பாதிச் சிரிப்புத் துணுக்கும், இருமல் மருந்து விளம்பரத்தில் இருமுகிறவரின் பாதி முகமும் கிடக்கும்.

வாசகர்கள் கதை மேலேயே கிறுக்கித் தள்ளியதால் அவர் ஒரு வழி செய்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துவிடுவார். "திட்டுறதா இருந்தா அங்க திட்டுங்க" என்பார். மற்றவர்கள் "சூப்பர்", "படு போர்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் விமரிசகன். பக்கக் கணக்கில் எழுதினேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பாகத்தைப் படித்து முடிப்பேன். டி. கல்லுப்பட்டியில் இறங்கிக் கரிசல் காட்டு வழியே வீட்டுக்குப் போனதும் தங்கை கையில் கொடுப்பேன். எனக்கு ஒரே தங்கை. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை நான் கிளம்பும்போது புத்தகம் திரும்பிவரும். என் விமரிசனத்துக்குக் கீழே பென்சிலில் அவள் பதில் இருக்கும்.

"இளவரசன் இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. அவனுக்குப் பதிலாக அவள் ஒரு குத்துக்கல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கலாம்" என்று ஒரு முறை எழுதியிருந்தேன். அவள் கீழே எழுதினாள்: "குத்துக்கல்லு ஆன்னு கத்தாது. அப்புறம் எப்படி அடுத்த வாரம் விக்கிறதாம்?"

"வெள்ளைக் குதிரை எங்கே?" என்று இன்னொரு பாகத்தில் கேட்டிருந்தேன். அதற்கு அவள் பதில்: "அது பொட்டைக் குதிரை. பறந்தது போதும்னு நிறுத்திட்டாங்க."

படித்துவிட்டுப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். விடுதியில் நண்பர்களிடம் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். எம்.ஏ. வகுப்பில் ஒரு கவிதையின் நாலு வரியை நாலு நாள் பிரித்து உள்ளர்த்தம் தேடுகிறவர்கள் நாங்கள்.

கடைசிப் பாகத்துக்கு முந்தின பாகத்தைக் கொண்டுபோன சனிக்கிழமை, களத்தில் காயப்போட்ட பருத்திக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணே, ஒரு விசயம் சொல்றேன், கத்தாத."

"சொல்லு பாப்பா."

"டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனு போடணும். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அப்பாகிட்ட நீ பேசு. ரெண்டே வருசம். முடிச்சிட்டு வந்து மாமா மகனுக்கே கழுத்த நீட்டுறேன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

தாய்மாமன் மகன்தான் முறைமாப்பிள்ளை என்பது அவள் பிறந்த அன்றே முடிவான விஷயம். அவனும் நல்லவன்தான். தை மாதத்தில் வைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அடுத்த வாரம் வாரேன்ல, பேசுறேன்" என்றேன்.

ஏன் அன்றைக்கே பேசவில்லை? அப்பா கூப்பிடு தூரத்தில் கயிற்றுக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். காரணம் இதுதான். முதல் வருடத் தேர்வில் எனக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. படிப்பு என்று பேச்சை எடுத்தால் அப்பா முதலில் என் படிப்பைப் பற்றித்தான் கேட்பார். ஊரெல்லாம் "எம்.ஏ. வாராரு, எம்.ஏ. போறாரு" என்று கேலியும் மரியாதையும் கலந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த மரியாதையில் கொஞ்சம்கூடக் குறைவதை நான் விரும்பவில்லை.

மதுரைக்குத் திரும்பிக் கடைசிப் பாகத்தைக் கேட்டேன். கடைக்காரர் தையல் போட்ட பாகத்தை நீட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, கடைசி மூணு வாரம் கடலைக்கடைக்குப் போயிருச்சு. எங்க தேடியும் கிடைக்கல. முடிவு இல்லாமக் குடுத்தா ஆளுக என்னையப் பிச்சுத் தின்னுருவாங்க. நீங்க எழுதிக் குடுத்துருங்களேன்."

"நான் அந்த மூணு வாரத்தப் படிக்கலையே, அண்ணே."

"நானுந்தான் படிக்கல. இம்புட்டு நாளு அந்தாளத் திட்டி எழுதுறீங்கள்ல, ஒரு தடவ எழுதித்தான் பாருங்களேன். கல்யாணத்துல கொண்டுபோய் முடிங்க. கல்யாணத்துல முடிஞ்சா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

எனக்குள் இருந்த விமரிசகன் உடனே சம்மதித்தான். அன்று மத்தியானமே விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து மூன்று அத்தியாயங்களை எழுதினேன். ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. மந்திரவாதியை நான்காவது முறையாகவும் உறுதியாகவும் கொன்றேன். இளவரசனை முதன்முதலாக வாளைச் சுழற்ற வைத்தேன். ஏரியையே இரண்டாகப் பிளந்து வந்த ஓடக்காரன் மகளை மயங்கி விழவைத்து, அவன் தூக்கிக்கொண்டு ஓடும்படி செய்தேன். நிழல் கிடைத்தது, முடி சூட்டினார்கள், முரசு கொட்டியது. "ஆகவே, பேரழகியான அவள் மணமேடையில் நாணத்தால் தலை கவிழ்ந்தாள்" என்று எழுதி, கீழே "சுபம்" என்று போட்டேன். கடைக்காரர் தன் உருண்டைக் கையெழுத்தில் பிரதி எடுத்து, புத்தகத்தோடு சேர்த்துத் தைத்தார். படித்துவிட்டு, "அந்தாள விட நீங்க தேவல" என்றார். நான் அதை நம்பினேன்.

சனிக்கிழமை புத்தகத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். "கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சாம், கடைக்காரரு யார்கிட்டயோ கடன் வாங்கிப் பாத்து எழுதி வச்சிருக்காரு" என்று சொன்னேன். அவள் அன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். நான் வாசலில் நடை பயின்றபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுல்ல" என்றாள்.

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வந்தபோது, வெள்ளைத் தாளில் அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்பாவிடம் பேசினாயா என்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருந்தது. மனு போடும் தேதி போயிற்று. தை மாதம் கல்யாணம் நடந்தது. மணமேடையில் அவள் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

விட்ட பேப்பரை எழுதித் தேறினேன். ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, பையன்களுக்குக் கதையின் உள்ளர்த்தம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். எண்பதுகளின் நடுவில் அந்தத் தொடரை முழுப் புத்தகமாகவே போட்டார்கள். வாங்கி, நேராகக் கடைசி மூன்று அத்தியாயங்களுக்குப் போனேன். ஓடக்காரன் மகள் நிழலைக் கண்டுபிடித்து, மீன்முள்ளை ஊசியாக்கி இளவரசன் காலில் அதைத் தைத்துவிடுகிறாள். அவன் கல்யாணம் பேசுகிறான். "உனக்குத்தான் இப்போது கூட வர ஒரு நிழல் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, ஓடத்தைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுகிறாள். குதிரை மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

அந்தக் குப்பை எழுதுகிற ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

தங்கை அப்போது ஆனையூரில் குடியிருந்தாள். மாப்பிள்ளைக்கு மோட்டார் பம்பு ரிப்பேர்க் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததை அன்று கொட்டிவிடுவது என்று தீர்மானம். அந்த முடிவை எழுதியது நான்தான், அதைப் படித்துத்தான் நீ மனசு மாறிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாய், உன் படிப்பை நான்தான் கெடுத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது.

முறத்தில் அரிசிக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, உனக்கு அம்புட்டு நெனப்பா? நீ எழுதுன மூணு அத்தியாயத்தப் படிச்சுட்டுத்தான் நான் கழுத்த நீட்டுனேன்னா நெனச்சுக்கிட்டிருந்த?"

"பின்ன?"

"அது நீ எழுதுனதுன்னு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அந்தாளுக்கு எழுதத் தெரியாதுதான். ஆனா அந்தப் புள்ளைய ஒரு நாளும் விட்டுக்குடுக்க மாட்டான். ரெண்டு வருசமாப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவ மயங்கி விழுந்துட்டான்னு எழுதியிருந்துச்சு. சரி, இது அண்ணன் வேலதான்னு உன்னைய நிமிந்து பாத்தேன். நீ மொகத்தத் திருப்பிக்கிட்ட."

நான் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினேன்.

"அப்பவே தெரிஞ்சிருச்சு, நீ அப்பாகிட்டப் பேச மாட்டன்னு. அதான் திருப்பி நான் கேக்கல."

"நான் பேசியிருந்தாலும் அவரு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு பாப்பா."

"மாட்டாருதான். அது எனக்குத் தெரியாதாக்கும்? கேட்டுட்டு வந்து, 'மாட்டேங்கிறாரு'ன்னு ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லியிருக்கணும். அம்புட்டுத்தான் நான் எதிர்பாத்தது."

மாப்பிள்ளை உள்ளே வந்து, "என்ன மச்சான், அண்ணனும் தங்கச்சியும் கத பேசுறீங்களா" என்று கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"ஏன் பேசல?" என்று அப்புறம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பெயிலான பேப்பரைப் பற்றிச் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரை அது தெரியாது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே என்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றாள். "நானே போய் அப்பாகிட்டக் கேட்டிருப்பேன். ரெண்டு அடி விழுந்திருக்கும், வாங்கியிருப்பேன். நீ படிச்சவன், உன் வாயால சொன்னாத்தான் எடுபடும்னு நான் சும்மா இருந்துட்டேன்."

புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள். படித்தாளா என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.