எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்

ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கிருந்த தகுதி ஒரு செல்போனும், அதைச் சாய்த்து வைக்க ஓர் அரிசி டப்பாவும்தான். எங்கள் பூதப்பாண்டிப் பக்கத்து ஜனங்களைப் போலப் பேசி நடித்து வீடியோ போடுவேன். பார்க்கிறவர்கள் கூடக்கூடத் தலையும் கனத்தது. அந்த நக்கலையெல்லாம் திரட்டி, யோசனை சொல்லும் புத்தகங்களாக மார்த்தாண்டத்து அச்சகம் ஒன்றில் போட்டேன். முதல் புத்தகம், கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடிப்பது எப்படி என்பது. இரண்டாவது, துட்டி வீட்டில் தொல்லை தராமல் இருப்பது எப்படி என்பது.

சாவு வீட்டுக்குப் போய் துக்கம் விசாரிப்பதைத்தான் நாங்கள் துட்டி கேட்பது என்போம். அதில் எங்கள் தெருவில் ஒருவரை அடிக்க ஆளில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், எனக்குச் சித்தப்பா முறை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தோளில் துண்டோடு முதல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். நீளமாகப் பெருமூச்சு விட்டு, "எப்படி மக்கா நடந்து?" என்று ஆரம்பிப்பார். முதலில் பார்த்தது யார், காப்பி குடித்தாரா, கடைசியாக என்ன பேசினார் என்று மொத்தம் ஒன்பது கேள்விகள். நடுவில் புது ஆள் வந்துவிட்டால், அவருக்காக மறுபடி முதலிலிருந்து.

துண்டு போட்டு, பெருமூச்சு விட்டு, அவரைப் போலவே நடித்து வீடியோ போட்டேன். வளைகுடாவிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. டீக்கடையில் அவருக்கு 'ஒம்பது கேள்வி' என்று பெயரே விழுந்துவிட்டது. ஒரு நாள் என்னை வழிமறித்து, "நான் செத்தாலும் வீடியோ போடுவியாடே?" என்று கேட்டார். அதைப் பத்தாவது கேள்வியாகப் புத்தகத்தில் சேர்த்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

புத்தகத்தின் முதல் விதி, எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள் என்பது. 'நேற்றுகூடப் பார்த்தேனே' என்று சொல்லக்கூடாது, நீங்கள் பார்த்ததால்தான் போய்விட்டாரோ என்று சந்தேகம் வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரக்கூடாது. இப்படியே போகும்.

ஒரு காலையில் அப்பா போய்விட்டார். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வீடியோவை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே டம்ளர் விழுந்தது. "சத்தம் போடாதீங்கப்பா, வீடியோ எடுக்கேன்லா" என்று கத்தினேன். அப்புறம் சத்தமே இல்லை. வீடியோவை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஊரே திரண்டு வந்தது. என் புத்தகத்தை இவ்வளவு பேர் இவ்வளவு ஒழுங்காகப் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள், என் கையைத் தொட்டார்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்தார்கள். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. நாளை நம்மையும் வீடியோவில் போடுவானோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. உள்ளே அம்மாவைச் சுற்றியிருந்த பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாவற்றையும் கேட்டார்கள். அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். பந்தலில் எனக்கோ அந்த டம்ளர் சத்தத்தைச் சொல்ல ஆளில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

சித்தப்பா வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பெருமூச்சுகூட விடவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேளுங்க சித்தப்பா."

"என்னத்தடே கேக்க? கேக்கப்பிடாதுன்னு நீதாம்லா புக்கு போட்டிருக்கே."

"நீங்க கேளுங்க."

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். போனை எடுத்து அணைத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பெருமூச்சு விட்டார்.

"எப்படி மக்கா நடந்து?"

சொன்னேன். காப்பி பாதி மிச்சம் இருந்ததை, நான் கத்தியதை, முதலில் பார்த்தது நான்தான் என்பதை, ஒன்பது கேள்விக்கும் பதில் சொன்னேன். அவர் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. முடிக்கும்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சித்தப்பா அவருக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கும் தெரியாண்டாமா? மொதல்லேருந்து சொல்லு மக்கா."

இரண்டாம் தடவை டம்ளர் விழுந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.