குமாரசாமியின் சட்டைப் பை

அன்னூர் பக்கம் குமாரசாமியைத் தெரியாத தோட்டக்கார விவசாயி கிடையாது. முப்பத்தெட்டு வருடம் போர்வெல் வண்டியோடு அலைந்து, பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவர். எங்கே தண்ணீர் பிடித்தாலும், துளையிலிருந்து தெறித்த கல்சில்லு ஒன்றைக் கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டு அலமாரியில் எழுநூறுக்கு மேல் கிடக்கின்றன. எது எந்தத் தோட்டத்துக் கல், எத்தனை அடியில் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவருடைய ஒரே மகள் வர்ஷினி, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போவாள் என்று பார்த்தால், கடலைப் படிக்கப் போனாள். "கடலுக்கும் நமக்கும் என்ன கண்ணு சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு நாலு மாதம் அவளோடு பேசாமல் இருந்த மனிதர். இன்று அவள் மன்னார் வளைகுடாவில், யாரும் சும்மா கால் வைக்க முடியாத ஒரு தீவில், வனத்துறை அனுமதியோடு பவளப் பாறைகளைக் கணக்கெடுக்கிறாள். போன தை மாதம் அப்பாவுக்கும் ஒருநாள் பாஸ் வாங்கினாள்.

"நீங்களே வந்து பாருங்கப்பா. பாத்தாத்தான் புரியுமுங்க."

ஆயிரம் அடி ஆழத்தைப் பற்றிக் கதை கதையாக அளப்பவர், ஆறடித் தண்ணீருக்கு மேல் போன படகில் வாயே திறக்கவில்லை. விளிம்பைப் பிடித்த பிடியைத் தீவில் இறங்கித்தான் விட்டார்.

கடல் வற்றியிருந்த நேரம். முழங்கால் தண்ணீரில் மணல் திட்டாகப் பார்த்து அவரை நடத்திப்போனாள். மான்கொம்பு மாதிரி ஒன்று பழுப்பு நிறத்தில் கிளை விட்டு நின்றது.

"இது கல்லு இல்லீங்கப்பா, உசுரு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒரு பூச்சி இருக்குதுங்க."

குமாரசாமி சட்டென்று காலைப் பின்னால் இழுத்தார். "தெரியாம மிதிச்சிருந்தா மன்னிச்சுப்போடுங்க" என்று பவளத்திடமே சொன்னார். வர்ஷினி சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கல் என்றால் உடைக்கிற பொருள் என்றிருந்தவர். மகள் படித்த படிப்பின் அருமை அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது.

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அவர் காலடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. செத்துப்போன பவளம். குனிந்தார், கழுவினார், துடைத்தார், பையில் போட்டார். யோசித்துச் செய்ததா என்றால் இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

திரும்பும்போது படகடியில் வனக்காவலர் மெர்சி ஒவ்வொருவராகச் சோதித்தாள். குமாரசாமியின் முறை வந்தது.

"எங்கப்பா எதையும் எடுக்க மாட்டாருங்க அக்கா" என்றாள் வர்ஷினி. மெர்சியும் சரி என்று தலையசைத்து வழி விட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயை மூடிக்கொண்டு படகேறினால் காரியம் முடிந்தது. சொன்னால் மகள் பேச்சு பொய்யாகும், அவள் அனுமதிக்கு என்ன கேடு வருமோ. சொல்லாவிட்டாலோ, அவள் தன்னை நம்பும்போதெல்லாம் இந்தக் கல் குறுக்கே வந்து நிற்கும். ஒரு காலைப் படகில் வைத்தவர் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, என்ற பையில ஒண்ணு இருக்குதுங்க. புள்ளைக்குத் தெரியாதுங்க. தப்பு என்மேலதானுங்க."

எண்ணூறு அடி போட்டும் வெறும் புழுதி பறக்கும்போது தோட்டக்காரர் முகம் போகிற போக்கை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். வர்ஷினியின் முகம் அப்படிப் போனது.

"செத்த கல்லுதானேம்பாங்க ஐயா. இதுமேலதான் அடுத்த பவளக் குஞ்சு வந்து ஒட்டும்" என்றாள் மெர்சி. "எடுத்த இடத்துலயே வைக்கணும். இடம் தெரியுமா?"

அவருக்கா தெரியாது? நேராகத் தண்ணீரில் இறங்கி நடந்து, கிடந்த பக்கமே மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தார்.

ஆனாலும் மெர்சி புத்தகத்தில் எழுதத்தான் செய்தாள். வர்ஷினி விளக்கக் கடிதம் கொடுத்து, இருபது நாள் தீவுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தாள். அது பிறகு. அன்று கோயமுத்தூர் பஸ் ஏறும்போது குமாரசாமி சொன்னார், "உன்ற பேச்சைப் பொய்யாக்கிப்போட்டேன் கண்ணு."

"ஆமாங்கப்பா" என்றாள். அந்த 'ஆமாங்கப்பா' அவரோடு ஊர் வரைக்கும் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து செல்போனில் ஒரு படம் வந்தது. தண்ணீருக்குள் அதே கல், பக்கத்தில் ஓர் அளவுகோல். 'இன்னும் ஒண்ணும் ஒட்டலீங்கப்பா' என்று எழுதியிருந்தாள். அடுத்த மாதமும் அதே படம், அதே வரி. அவர் மாதம் பிறந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் மாதம் அவளே கூப்பிட்டாள். "தை மாசத்துக்கு உங்களுக்குப் பாஸ் கேட்டு எழுதியிருக்கறனுங்கப்பா. உங்களுக்கு நான்தான் பொறுப்புன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

"வாரேன் அம்மணி" என்றார் குமாரசாமி.

மறுநாள் காலையிலேயே அன்னூர் தையல்காரரிடம் போய், பை வைக்காத சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார்.