சகாயமேரி நன்மை வாங்காத ஞாயிறுகள்

பாப்பிரெட்டிப்பட்டி சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற சகாயமேரிக்கு வாய் ஓயாது. உலை கொதிக்கிற சத்தத்தையும் மீறி அவள் பேச்சு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் எண்பத்தாறாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் திடீரென்று அடங்கிப்போனாள்.

ஈறில் ரத்தம். அழுத்தினால் சீழ். இரண்டு பல் வேறு ஆட்டம் கண்டிருந்தது. அவளுடைய அப்பா கன்னத்தில் புற்று வந்து செத்தவர். அதனால் வேறு எந்த நோயும் அவள் நினைப்பில் ஏறவில்லை. புருஷன் பெரியநாயகத்திடம் சொன்னால் மனுஷன் இடிந்துபோவார் என்று மனதுக்குள்ளேயே பூட்டி வைத்தாள். ரத்தம் வருகிறதே என்று பல் விளக்குவதையும் விட்டாள்.

அதோடு விட்டாளா? சீழ் பிடித்த வாயில் ஆண்டவரை வாங்குவதா என்று, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, அந்த நன்மையை, வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். எல்லாரும் வரிசையில் போக, அவள் மட்டும் முட்டி போட்டபடியே இருந்தாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்களும் மனதில் பகை வைத்திருப்பவர்களும்தான் அப்படி இருப்பது வழக்கம். ஆண்டவர் கோபித்துக்கொள்வாரே என்று பயந்தவள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஈஸ்டர் பூசையிலும் அவள் எழவில்லை. மறுவாரம் கன்னம் வீங்கிப்போக, பெரியநாயகம் அவளைத் தர்மபுரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். பல் டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வாயைப் பார்த்தார்.

"இது புற்று இல்லம்மா."

சகாயமேரி நம்பவில்லை. "அப்ப இந்தச் சீழு எதுங்க?"

"கிருமியோட சண்ட போட்டுச் செத்த வெள்ளை அணுங்க. ரத்தத்துல டி-செல்னு ஒரு வகை இருக்குது. அது சேதி, தாக்கல் சொல்லி இன்னும் ஆள வரவழைக்கும். பல்லுக்கடியில அழுக்கு இருக்கிற வரைக்கும் சண்ட நிக்காது. அந்தச் சண்டையிலயே நம்ம எலும்பும் கரையும். நீங்க பல்லு வெளக்கறத வுட்டதுதான் தப்பு. பல்லுல படிஞ்ச காரையச் சுரண்டிட்டா ஈறு தேறிரும்."

எனக்காகச் செத்ததுகளையா அசிங்கம் என்று நினைத்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். அத்தனை நாள் பயமும் அந்த அழுகையில் இறங்கிப்போனது.

பஸ் ஸ்டாண்டில் வைத்துப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப உன் தம்பிகிட்ட நான் சண்ட போட்டதுக்காவ இல்லியா?"

வரப்போரத்துப் புளியமரத்துக்காக நடந்த அந்தச் சண்டையே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"எம்மேல பகைய வெச்சுக்கிட்டுதான் நீ நன்ம வாங்கலைன்னு நெனச்சேன். குருத்தோலை ஞாயித்துக்கெழம உன் தம்பி அருள்நாதன் வூட்டுக்குப் போயி, மரம் உனக்கே இருக்கட்டும்டான்னு கையப் புடிச்சிட்டு வந்தேன். ஈஸ்டருக்கும் நீ எந்திரிக்கல. இன்னும் என்னத்தக் குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

சகாயமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மரம் போனாப் போவுதுங்க," என்றாள். "நான் இருக்கறேனுங்களே."